பழுவூர்ச் சுண்ணாம்பும் விடுபட்ட சொற்களும்

சிற்றிதழ் வாசகர்கள் கூடும் இடங்களில் கொஞ்ச காலமாக ஒரு வாதம் மீண்டும் மீண்டும் காதில் விழுகிறது. கதை, கவிதை பற்றிப் பேசி முடித்துத் தேநீருக்கு எழும் நேரத்தில் யாராவது ஒருவர் அதைத் தொடங்கிவைப்பார். நம் நாட்டில் ஜனநாயகம் அளவுக்கு மிஞ்சிவிட்டது. நிலத்தடியில் இத்தனை கனிமம் இருந்தும் நாம் ஏழைகளாக இருப்பதற்குக் காரணம் ஊருக்கு ஊர் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டுக்கொண்டிருப்பதுதான். சீனாவில் இப்படியா, சிங்கப்பூரில் இப்படியா என்று அது போகும். அதற்கு மறுமொழி சொல்ல எழும் இடதுசாரி நண்பர் பெரும்பாலும் இன்னோர் எல்லைக்குப் போய்விடுவார். கனிம வளம் என்பதே சாபம், எண்ணெயும் வைரமும் எங்கே கிடைத்தனவோ அங்கெல்லாம் சர்வாதிகாரியும் கூலிப்படையும் வந்து சேர்ந்தன, இது உலக முதலாளியத்தின் விதி என்பார் அவர். இரு வாதங்களுக்கும் பொதுவான வசதி ஒன்று உண்டு. எந்த ஊரின் வரவு செலவுக் கணக்கையும் புரட்டிப் பார்க்க வேண்டிய தேவை இருவருக்கும் ஏற்படுவதில்லை.

நாங்கள் இங்கே ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறோம். அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூர்.

பழுவூர் என்றதும் இலக்கிய வாசகருக்கு நினைவில் எழுபவர் கல்கியின் பெரிய பழுவேட்டரையர். கல்வெட்டுகளில் வரும் பழுவேட்டரையர்கள் சோழருக்குக் கீழிருந்த சிற்றரசர்கள். அவர்கள் காலத்துக் கோயில்கள் மேலப்பழுவூரிலும் கீழையூரிலும் இன்றும் நிற்கின்றன. கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயில் சம்பந்தர் பாடிய தலம். இவற்றைத் தேடி வருகிறவர்கள் திரும்பிப் போய்ச் சிற்பத்தைப் பற்றி எழுதுகிறார்கள், கல்வெட்டைப் பற்றி எழுதுகிறார்கள். வந்த வழியெல்லாம் தங்களுக்கு முன்னும் பின்னும் ஓடிய சுண்ணாம்புக்கல் லாரிகளைப் பற்றி எழுதுவதில்லை. சாலையோரச் சீமைக்கருவேல மரங்கள் இலை வரை சாம்பல் பூத்து நிற்பதையும் எழுதுவதில்லை. பத்தாம் நூற்றாண்டின் வரிக் கணக்கைக் கல்லில் எழுத்தெழுத்தாகப் படிக்கத் தெரிந்த நமக்கு இருபத்தோராம் நூற்றாண்டின் வரிக் கணக்கில் ஏன் இத்தனை அலட்சியம் என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

கிரெட்டேசியக் காலத்தில் இந்த நிலம் கடலுக்கு அடியில் இருந்தது. அந்தக் கடலின் சிப்பியும் நத்தையும் அம்மோனைட்டும் படிந்து இறுகிய பாறைதான் இம்மாவட்டத்தின் செல்வம். கீழப்பழுவூருக்கு அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் அதன் மிச்சங்களைப் பார்க்கலாம். அந்தச் சுண்ணாம்புக்கல்லை நம்பி அரசின் டான்செம் ஆலை 1979இல் அரியலூரில் தொடங்கியது. தனியார் ஆலைகளும் வந்தன: ரெட்டிப்பாளையத்தில் அல்ட்ராடெக், கோவிந்தபுரத்தில் ராம்கோ, தாமரைக்குளத்தில் டால்மியா, தளவாயில் இந்தியா சிமெண்ட்ஸ் தொடங்கிய ஆலை, கீழப்பழுவூரில் செட்டிநாடு. தமிழ்நாட்டில் கடந்த நாற்பது ஆண்டுகளில் எழுந்த வீடுகளிலும் மேம்பாலங்களிலும் இந்த மண் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி மறுபக்கம். மாநிலத் திட்டக் குழுவின் 2017ஆம் ஆண்டு மனித மேம்பாட்டு அறிக்கையில் தமிழ்நாட்டின் மாவட்டங்களிலேயே கடைசி இடம் அரியலூருக்கு. சிமெண்ட் ஆலைகள்தான் மாவட்டத்தை ஏழையாக்கின என்று இதைக் கொண்டு நாங்கள் வாதிடவில்லை. அது நேர்மையான வாதமாக இராது. ஆலைகளுக்கு முன்பும் இது பெரும்பகுதி மானாவாரி நிலம்தான். ஆனால் நாற்பது ஆண்டுக் காலம் கல்லைக் கொடுத்தும் ஒரு மாவட்டம் பட்டியலின் அடியிலிருந்து எழ முடியவில்லை என்றால், கொடுத்ததற்கு ஈடாக வந்தது எங்கே போனது என்று கேட்பது நியாயம்தானே?

பொருளியலாளர்கள் இந்தக் கேள்வியை நாடுகளை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். ஈரானின் எண்ணெய் வருவாயை ஆராய்ந்த ஹொசைன் மஹ்தாவி 1970இலேயே ஒன்றைக் கவனித்தார். குடிமக்களின் வரியில் வாழாமல் நிலத்தடி வாடகையில் வாழும் அரசு வேறு வகையான அரசு என்பதே அது. மக்களிடம் கை நீட்டாத அரசுக்கு மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. மைக்கேல் ராஸ் 2001இல் பல நாடுகளின் புள்ளிவிவரங்களை வைத்து, எண்ணெய் வளம் ஜனநாயகத்தைத் தடுக்கிறது என்று எழுதினார். ஹேபரும் மெனால்டோவும் 2011இல் நீண்ட கால வரலாற்றைப் பார்த்து அப்படி ஒரு பொது விதி இல்லை என்று மறுத்தார்கள். ஜனநாயகம் வளர்ச்சிக்குத் தடை என்ற தேநீர் நேரத்து வாதத்துக்கு அசெமோக்லு, நாயுடு, ரெஸ்ட்ரெப்போ, ராபின்சன் நால்வரும் 2019இல் பதில் தந்தார்கள். ஜனநாயகத்துக்கு மாறிய நாடுகளில் அடுத்த 25 ஆண்டுகளில் தலா வருமானம் சுமார் 20 விழுக்காடு கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. ஆகவே சீனாவைக் காட்டி ஜனநாயகத்தைக் குறை சொல்வதை இத்தோடு விட்டுவிடலாம்.

ஆனால் எங்களுக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நாட்டை ஒற்றைப் புள்ளியாக எடுத்துக்கொள்கின்றன. இந்தியா ஜனநாயக நாடு என்று ஒரு கட்டத்தில் குறித்துவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடுகின்றன. தேர்தல் நடப்பது டெல்லிக்கும் சென்னைக்கும். குழி தோண்டுவது திருமானூர் ஒன்றியத்தில். நடுவில் உள்ள தூரத்தை அளந்தவர்கள் சிலரே. சாம் ஆஷரும் பால் நோவோசாட்டும் அளந்தார்கள். கனிமத்தின் விலை ஏறும்போது இந்தியாவில் அந்தக் கனிமம் உள்ள தொகுதிகளில் குற்ற வழக்குள்ள வேட்பாளர்கள் வெல்வது கூடுகிறது என்று அவர்கள் கண்டதை 2023இல் வெளியான கட்டுரையில் படிக்கலாம். மதுரை மாவட்டத்துக் கிரானைட் பற்றி 2012இல் சகாயம் எழுதிய அறிக்கையை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதில் வியப்பு இராது. ஜனநாயகம் இருக்கிறது, தேர்தலும் ஒழுங்காக நடக்கிறது, ஆனால் கல் இருக்கும் இடத்தில் அது நோய்ப்படுகிறது. ஏன்?

எங்கள் பதில் எளியது. கல் மீது வரி விதிக்கும் உரிமை கல் இருக்கும் ஊரிடம் இல்லை. இருந்ததும் பிடுங்கப்பட்டது. பிடுங்கப்பட்ட கதையில் ஒரு பிழைதிருத்தக்காரரின் வேலையும் அடங்கியிருப்பதால் இலக்கிய வாசகர்கள் அதைச் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டத்தில் 115ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. நிலவரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 45 பைசா உள்ளூர் மேல்வரி விதிக்கலாம், அது ஊராட்சிகளின் செலவுக்கு என்பது அதன் சாரம். 1964இல் ஒரு திருத்தம் வந்தது: நிலவரி என்பதில் கனிமத்துக்காக அரசுக்குச் செலுத்தும் ராயல்டியும் அடங்கும். அதாவது சுண்ணாம்புக்கல் எடுப்பவர் அரசுக்கு ஒரு ரூபாய் ராயல்டி கட்டினால் ஊராட்சிகளின் பெயரால் 45 பைசா கூடுதலாகக் கட்ட வேண்டும். காமராஜர் காலத்தில் எழுதப்பட்ட ஊராட்சிச் சட்டத்தின் பார்வையை இதில் காணலாம். ஊர் என்பது மனுக் கொடுக்கும் இடமாக இல்லாமல் வரி பெறும் இடமாக அங்கே எண்ணப்பட்டிருந்தது.

இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. வழக்கு மேலே மேலே சென்று, 1989 அக்டோபர் 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்புச் சொன்னது. ராயல்டியை நிர்ணயிக்கும் அதிகாரம் 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டத்தால் மத்திய அரசிடம் போய்விட்டது. எனவே ராயல்டி மீது மேல்வரி விதிக்க மாநிலத்துக்கு அதிகாரமில்லை. தீர்ப்பின் ஓரிடத்தில் ராயல்டி என்பது ஒரு வரி என்றும் எழுதப்பட்டிருந்தது. ஒரு கல்லின் மீது ஒரு வரிதான் இருக்க முடியும், அது டெல்லி சொல்லும் அளவுதான் என்று அந்த வாக்கியம் பொருள்பட்டது. 115ஆம் பிரிவு கல்லைப் பொறுத்தவரை செத்தது. மற்ற மாநிலங்களின் கனிம மேல்வரிகளும் அதே வழியில் ஒவ்வொன்றாக விழுந்தன.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2004 ஜனவரியில், கேசோராம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அந்த வாக்கியத்தை எடுத்துப் படித்துவிட்டு ஒன்று சொன்னார்கள். அது கவனக்குறைவால் நேர்ந்த பிழையாக இருக்க வேண்டும். ராயல்டி மீதான மேல்வரி ஒரு வரி என்றுதான் எழுத நினைத்திருப்பார்கள். இடையில் சொற்கள் விடுபட்டுவிட்டன. ஏட்டுச்சுவடியில் பாடபேதம் தேடிய உ.வே.சா. இருந்திருந்தால் இதை ரசித்திருப்பார். ஒரு நாட்டின் கனிமக் கிராமங்கள் அனைத்தின் வருவாயும் இரண்டு சொல் விடுபட்டதா இல்லையா என்ற ஆய்வில் தொங்கியது. ஏழு பேர் எழுதியதை ஐந்து பேர் திருத்தலாமா என்ற கேள்வி எழுந்தது. 2011இல் ஒன்பது பேர் அமர்வுக்கு அனுப்பினார்கள். ஒன்பது பேர் கூடித் தீர்ப்புச் சொல்ல 2024 ஜூலை 25 ஆயிற்று. ராயல்டி வரி அல்ல, கனிமம் உள்ள நிலத்துக்கு வரி விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று தலைமை நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட எட்டுப் பேர் சொன்னார்கள். நீதிபதி நாகரத்னா மட்டும் உடன்படவில்லை.

35 ஆண்டுகள். இந்த இடைவெளியில்தான் அரியலூரின் தனியார் சிமெண்ட் ஆலைகள் பெருகின. 1989 மார்ச் மாதம் சிமெண்ட் மீதான விலைக் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ஊரின் மேல்வரியும் நீங்கியது. எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. ஆனால் விலை விடுதலை பெற்ற ஆண்டிலேயே ஊர் தன் வரியை இழந்தது என்பதை எழுதிவைக்கத்தான் வேண்டும்.

தீர்ப்பு வந்ததும் தமிழ்நாடு அரசு சுறுசுறுப்பாகச் செயல்பட்டது. கனிமம் உள்ள நிலத்துக்கான வரிச் சட்டம் 2024இலேயே சட்டமன்றத்தில் நிறைவேறியது. 2025 ஏப்ரல் 4 முதல் நடைமுறைக்கு வந்தபோது சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் என்று விகிதம் குறிக்கப்பட்டது. ஆலைகள் சுமை என்று முணுமுணுத்தன. நாங்கள் முணுமுணுக்கவில்லை, மாநிலம் தன் உரிமையை மீட்டது நல்லதே. ஆனால் வாசகரே, இப்போது கூட்டிப் பாருங்கள். 2014இல் மத்திய அரசு நிர்ணயித்த ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய். அது மாநிலக் கருவூலத்துக்கு. 2015க்கு முந்தைய குத்தகைகளில் அந்த ராயல்டியின் 30 விழுக்காடு, அதாவது 24 ரூபாய், மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு. அதன் தலைவர் ஆட்சியர். புதிய வரி 160 ரூபாய். அதுவும் மாநிலக் கருவூலத்துக்கு. மொத்தம் 264 ரூபாய். 1958ஆம் ஆண்டின் விகிதம் இன்று இருந்திருந்தால் 80 ரூபாய் ராயல்டிக்கு 36 ரூபாய் ஊராட்சிகளின் பங்காக இருந்திருக்கும். கட்டடத்துக்கு வீட்டு வரியும் தொழில் வரியும் ஊராட்சி வாங்கலாம். கல்லின் மீது மட்டும் அதற்குக் கை இல்லை. 1989இல் நீதிமன்றம் பறித்தது ஊராட்சிகளுக்கு உரிய மேல்வரியை. 2024இல் நீதிமன்றம் திருப்பிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டது தலைமைச் செயலகம்.

அறக்கட்டளை இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, குடிநீர், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்குக் குறைந்தது 60 விழுக்காடு என்று 2015இல் மத்திய அரசு வகுத்த நெறியும் நல்ல நெறிதான். ஆனால் அது நிவாரணத்தின் மொழியில் எழுதப்பட்டது. பாதிக்கப்பட்டவர், பயனாளி என்ற இரண்டு வேடங்களில்தான் ஊர் அதில் வருகிறது. வரி பெறும் ஊராட்சி தலைவரைக் கேள்வி கேட்கும். நிவாரணம் பெறும் ஊர் ஆட்சியருக்கு நன்றி சொல்லும்.

இங்கே நைஜீரியாவைச் சொல்லாமல் போக முடியாது. அங்கே இதே சண்டை ரத்தத்தில் நடந்தது. 1960இல் விடுதலை பெற்றபோது கனிம வருவாயில் பாதி அது எடுக்கப்படும் பகுதிக்கே என்று அரசியலமைப்பில் இருந்தது. எண்ணெய் பெருகப் பெருக, ராணுவ ஆட்சிகள் அந்தப் பங்கைச் சுருக்கிக்கொண்டே போயின. ஒகோனி மக்களின் உரிமையைக் கேட்ட கென் சாரோ விவா நாவலாசிரியர், தொலைக்காட்சி நாடகங்கள் எழுதியவர். நம்மைப் போன்றவர்கள் கூடும் இடத்துக்கு வந்திருக்கக்கூடிய ஆள். 1995 நவம்பர் 10 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். 1999ஆம் ஆண்டின் அரசியலமைப்பு குறைந்தது 13 விழுக்காட்டைத் திருப்பிக் கொடுத்தது. கொடுத்தது யாரிடம்? மாநில ஆளுநர்களிடம். எண்ணெய் வளமுள்ள டெல்டா மாநிலத்தின் ஆளுநராக இருந்த ஜேம்ஸ் இபோரி 2012இல் லண்டன் நீதிமன்றத்தில் பண மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். தலைநகரிலிருந்து மாநிலத் தலைநகருக்கு வந்ததோடு பணம் நின்றுவிட்டால் ஊருக்கு என்ன பயன் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

போட்ஸ்வானா எங்கள் வாதத்துக்கு எதிர் சாட்சி அல்லவா என்று விவரமறிந்த நண்பர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1966இல் விடுதலை, 1967இல் ஓராபாவில் வைரம். வைரம் கிடைத்தது செரெட்சே காமாவின் சொந்தக் குடியினர் வாழ்ந்த பகுதியில். ஆனாலும் கனிம உரிமை குடிகளிடமிருந்து நாட்டுக்கு மாற்றப்பட்டது. பின்னர் டி பீர்ஸ் நிறுவனத்தோடு சரிபாதிப் பங்கும் பெறப்பட்டது. மையப்படுத்தியதால்தான் அந்த நாடு தப்பியது என்பது உண்மை. ஆனால் அன்று அந்த நாட்டின் மக்கள்தொகையே பத்து லட்சத்தை எட்டவில்லை. இன்றைய அரியலூர், பெரம்பலூர் இரண்டையும் சேர்த்தால் அதைவிட அதிகம். அங்கே தேசம் என்று சொல்லப்பட்டதன் அளவு இங்கே இரண்டு மாவட்டம். ஊர்ச்சபையில் தலைவனைக் கேள்வி கேட்கும் பழைய வழக்கமும் அங்கே அறுந்துபோகவில்லை. 2024இல் வைர விற்பனை சரிந்திருந்தபோது, விடுதலையிலிருந்து ஆண்ட கட்சியையே வாக்குச்சீட்டால் இறக்கிவிட்டு அமைதியாக ஆட்சியை மாற்றினார்கள். வைரம் அங்கே ஜனநாயகத்தைக் கொல்லவில்லை. வைரத்தின் கணக்கு மக்களின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்ததே காரணம் என்பது எங்கள் எண்ணம்.

நம் ஊரில் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் அமைப்பின் கதி என்ன? 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை. மூன்றாண்டுக்கு மேல் தனி அலுவலர்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. மீண்டும் தனி அலுவலர்கள். கனிம நில வரி நடைமுறைக்கு வந்த அந்த ஏப்ரல் மாதத்தில், எங்களுக்குப் பங்கில்லையா என்று கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் ஒருவர்கூட அரியலூர் மாவட்டத்தில் பதவியில் இல்லை. உத்திரமேரூர்க் குடவோலையைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறை பெருமிதக் கட்டுரை எழுதும் நண்பர்கள் இதையும் ஒரு பத்தியில் சேர்த்துக்கொள்ளக் கூடாதா?

இன்னொன்று. 2015இல் கனிமச் சட்டத்தைத் திருத்தியபோது, அதற்கு முன் கொடுக்கப்பட்ட குத்தகைகள் 50 ஆண்டுக்குக் கொடுக்கப்பட்டதாகக் கருதப்படும் என்று நாடாளுமன்றம் எழுதியது. 20 ஆண்டு, 30 ஆண்டு என்று நிலத்தில் எழுதப்பட்ட காலம் ஒரே வாக்கியத்தில் நீண்டது. எந்தக் கிராம சபையும் கேட்கப்படவில்லை. புதிய சுரங்கத்துக்கும் விரிவாக்கத்துக்கும் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு. ஜனநாயகம் அதிகம் என்று சொல்பவர்கள் மனத்தில் வைத்திருப்பது இதைத்தான். அந்தக் கூட்டத்தில் பேசலாம். வாக்கெடுப்பு கிடையாது. பேசியதைக் குறித்துக்கொண்டு போவார்கள், அவ்வளவே. ஒடிசாவின் நியம்கிரியில் 2013இல் 12 கிராம சபைகள் கூடி பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, அது செல்லுபடியானது. அதற்கு வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்ற ஆணையும் துணை நின்றன. புன்செய் வைத்திருக்கும் பழுவூர் விவசாயிக்கு அப்படியொரு சட்டம் இல்லை.

இல்லாததன் விலையை இம்மாவட்டம் வேறு இடங்களிலும் கொடுத்திருக்கிறது. ஜெயங்கொண்டம் நிலக்கரித் திட்டத்துக்கென்று 1990களில் 8,000 ஏக்கருக்கு மேல் கையகப்படுத்தினார்கள். நிலக்கரியும் எடுக்கவில்லை, மின்சாரமும் வரவில்லை. இழப்பீட்டுக்காக நீதிமன்றப் படி ஏறி ஒரு தலைமுறை போயிற்று. கடைசியில் திட்டமே கைவிடப்பட்டு நிலத்தைத் திருப்பித் தருவது என்று அரசு முடிவெடுத்தது. 2020 பிப்ரவரியில் வேளாண் பாதுகாப்பு மண்டலம் அறிவிக்கப்பட்டபோது அரியலூரின் பெயர் இருந்தது. சட்டமாக வந்தபோது இல்லை. அடுத்த ஆண்டே ஓ.என்.ஜி.சி. இம்மாவட்டத்தில் பத்து ஆய்வுக் கிணறுகளுக்கு விண்ணப்பித்தது. சென்னையில் மறுத்துவிட்டார்கள், மகிழ்ச்சி. நாளை வேறொருவர் சென்னையில் சம்மதித்தால்?

எங்கள் கோரிக்கை பெரியதன்று. சுண்ணாம்புக்கல்லின் மீது இப்போது வாங்கும் 160 ரூபாயில் ஒரு குறித்த பங்கு, குழி எந்த ஊராட்சியின் எல்லைக்குள் இருக்கிறதோ அந்த ஊராட்சிக்கும், லாரி ஓடும் சாலையோர ஊராட்சிகளுக்கும் சட்டப்படி போய்ச் சேர வேண்டும். நன்கொடையாகவோ நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியாகவோ அன்று, வரியாக. அந்த மாதம் எத்தனை டன் வெட்டப்பட்டது, எவ்வளவு வந்தது என்பது கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். தனி அலுவலர் ஆளும் காலத்தில் அந்தத் தொகையைச் செலவிடாமல் தனியே வைத்திருக்க வேண்டும். அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை, டெல்லியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்பது நீதிபதிகளின் தீர்ப்பு வழியைத் திறந்துவிட்டிருக்கிறது. 2024ஆம் ஆண்டின் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும். வாசகம் தேடி அலையவும் வேண்டாம். 1958ஆம் ஆண்டின் சட்டப் புத்தகத்தில் 115ஆம் பிரிவாக அது அச்சிடப்பட்டே கிடக்கிறது.